பல் டாக்டர் பேசுகிறார்

"செத்துப்போன மனுஷனைச் சந்தேகப்படறேன். உங்களுக்கு விசித்திரமா இருக்கலாம்," என்றார் தலைமையாசிரியை.

அக்காவுக்கு விசித்திரமாக இல்லை. ஆயுள் காப்பீட்டுக் கம்பெனி ஒன்றில் பாதி ஆயுளைக் கழித்தவள் அவள். உயிரோடு இருப்பவர்களைச் செத்ததாகக் காட்டிப் பணம் கேட்ட குடும்பங்களைத் தேடிப்பிடிப்பதுதான் அங்கே அவளுக்கு வேலை. அடுத்த தெருவில் மீசையை எடுத்துவிட்டு நடமாடிய பிணங்களை அவள் நேரில் பார்த்து நலம் விசாரித்திருக்கிறாள். வேலையை விட்டுத் தனியாகத் துப்பறியும் அலுவலகம் திறந்தபோது காலம் தலைகீழாகியிருந்தது. இப்போது செத்தவர்களை உயிரோடு இருப்பதாகக் காட்டிச் சம்பாதிக்கிறார்கள். இரண்டில் எது கேவலம் என்று அவளால் இன்னும் முடிவுக்கு வர முடியவில்லை.

தொழிலில் அவளைவிட வயதானவர்கள்கூட அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த உதவியாளருக்கு வக்கீல் என்று பெயர். சட்டக் கல்லூரிக்குப் போனார், சட்டம் அவரிடம் வரவில்லை, பட்டப்பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. நாற்பதைத் தாண்டியும் வாய் மட்டும் கல்லூரியிலேயே நின்றுவிட்ட ஆள்.

மூவரும் உட்கார்ந்திருந்த கூடத்தில் கண்ணாடி அலமாரி நிறைய பள்ளிக்கூடத்துக் கோப்பைகள். சோபாவின் பிளாஸ்டிக் உறை வாங்கிய நாளிலிருந்து கழற்றப்படவில்லை. சுவரோரம் ஒரு சின்ன மேஜை, அதன்மேல் தட்டையான திரை, திரைக்குள் தலைமையாசிரியையின் கணவர். ஊரறிந்த பல் டாக்டர். போன வருடம் காலை நடையின்போது மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், எழுந்திருக்கவில்லை. இப்போது திரையில் கண்ணைச் சிமிட்டிக்கொண்டு பல் தெரியச் சிரித்தார். உயிரோடிருந்தவரை அடுத்தவர் பல்லைப் பார்த்தாரே தவிர தன் பல்லை அவர் யாருக்கும் காட்டியதில்லை என்று மனைவி குறிப்பிட்டார்.

வெளிநாட்டில் இருக்கும் மகனின் ஏற்பாடு இது. அப்பாவின் போன், கம்ப்யூட்டர், கைக்கடிகாரம் எல்லாவற்றையும் ஒரு கம்பெனியிடம் கொடுத்திருக்கிறான். அவர் அனுப்பிய குறுஞ்செய்திகள், பேசிய பேச்சுகள், எடுத்த படங்கள், நடந்த நடை, துடித்த நாடி என்று அத்தனையையும் உள்ளே கொட்டி, அவரைப் போலவே பேசும் ஒன்றைச் செய்து கொடுத்துவிட்டார்கள். நினைவுத் துணை என்று அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள்.

"அம்மாவுக்குப் பேச்சுத் துணையாச்சு, பையனுக்குப் போன் பண்ற வேலை மிச்சமாச்சு," என்றார் வக்கீல் தணிந்த குரலில். அக்கா அவர் காலை மிதித்தாள். தலைமையாசிரியை காது கேட்காதவர் இல்லை. ஆனாலும் மறுக்கவில்லை.

விவகாரம் என்னவென்று அவரே கோர்வையாகச் சொன்னார். ஆரம்பத்தில் அந்தத் திரை டாக்டரைப் போலவேதான் பேசியது. சரிங்க, ஆச்சுங்க, வந்துடறேன், கதவைச் சாத்திக்குங்க. அவ்வளவுதான். கல்யாணத்துக்கு முன்னால் டாக்டரின் தங்கைக்கு இவர் பாடம் எடுத்தவர். அந்த மரியாதை கல்யாணமான பிறகும் போகவில்லை. கடைசிவரை மனைவியை அவர் நீங்க என்றுதான் கூப்பிட்டார். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தவர் சும்மா பேச்சுவாக்கில் இன்றைக்கு மனசு சரியில்லை என்று திரையிடம் சொல்லியிருக்கிறார். திரை சட்டென்று வேறு மாதிரி பேச ஆரம்பித்திருக்கிறது.

"'நீ பக்கத்துல இல்லாம இந்தக் கடலைப் பாத்து என்ன பிரயோஜனம், உன் சிரிப்பையே நெனச்சுட்டு உக்காந்திருக்கேன்'னு சொல்லுது. நான் அவர்கூடக் கடலுக்குப் போனதே கிடையாது. செருப்புல மண் ஒட்டும்னு வரவே மாட்டாரு. என்னை ஒரு நாளும் நீன்னு கூப்பிட்டதும் கிடையாது." தலைமையாசிரியை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்ப அந்த நீ யாரு? அவளை எனக்குக் கண்டுபிடிச்சுக் குடுங்க."

அவர் குரலில் அழுகை இல்லை. காப்பியடித்தவன் எந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தான் என்று கேட்கும் தொனிதான் இருந்தது.

அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு திரைக்கு எதிரே உட்கார்ந்தாள். சாப்பிட்டீர்களா என்று விசாரித்தாள். ஆச்சுங்க என்றார் டாக்டர். ஞாயிற்றுக்கிழமை என்ன செய்வீர்கள் என்றதற்கு, கிளினிக் லீவுங்க என்றார். கல்லில் நார் உரித்தாலும் இதைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கும் என்று அக்கா எண்ணிக்கொண்டாள். பிறகு குரலை இறக்கி, தனியாக இருக்கிறேன், பயமாக இருக்கிறது என்றாள்.

டாக்டரின் முகம் அப்படியே இருந்தது. வாய் மட்டும் அவிழ்ந்தது.

"எதுக்குப் பயப்படற? காத்து கொஞ்சம் அடங்கட்டும், கீழ எறங்குனதும் பேசறேன். அதுவரைக்கும் சூடா ஒரு டீ குடி."

"இப்ப உங்களுக்கு என்ன தெரியுது?"

"ரெண்டு கப்பல் வந்து நிக்குது. கீழ ஆளுங்க எறும்பு மாதிரி ஓடறாங்க. ஒருத்தன் மட்டும் வேலை செய்யாம ஓரமா நின்னு போனைப் பாத்துட்டிருக்கான். மேலேர்ந்து தெரியாதுன்னு நெனப்பு அவனுக்கு."

வக்கீல் தொண்டையைச் செருமினார். "ஒரே ஒரு சந்தேகம். பல் டாக்டர் எந்தப் பல்லு மேல ஏறி நின்னு கடலைப் பாத்தாரு?"

உயரமான இடங்களுக்குப் போகும் பழக்கம் டாக்டருக்கு உண்டா என்று அக்கா தலைமையாசிரியையிடம் கேட்டாள். அவர் உதட்டைச் சுழித்தார். கிளினிக் தரைத்தளத்தில்தான் இருந்தது. வீட்டில் பல்பு மாற்ற வேண்டுமென்றால் இவர்தான் ஸ்டூலில் ஏற வேண்டும், டாக்டர் கீழே நின்று ஸ்டூலைப் பிடித்துக்கொள்வார். பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வார்.

கம்பெனிக்குப் போகும் வழியில் வக்கீல் காரை ஓட்டியபடியே ஒரு கதை தயார் செய்துவிட்டார். கடலைப் பார்த்தாற்போல் ஒரு அடுக்குமாடி, மேல்மாடியில் டாக்டரின் சிநேகிதி, பால்கனியில் இருவரும். அக்கா அந்தக் கதையை இரண்டு தெரு தாண்டும்வரை ஓடவிட்டாள்.

"காத்து அடங்குனா எறங்கிடுவேன்னு எந்தக் காதலன் சொல்லுவான்? அது வேலையில இருக்கறவன் பேச்சு. இன்னொண்ணு கவனிச்சியா? நீங்கன்னு பேசினா ரெண்டு வார்த்தை. நீன்னு பேசினா முழு வண்டி. ஒரே வாய்க்குள்ள ரெண்டு ஆளு குடியிருக்காங்க வக்கீலு. ஒருத்தர் வாயைத் திறக்க மாட்டாரு, இன்னொருத்தர் மூட மாட்டாரு."

"மாத்திப் போட்டுட்டாங்களா? துணிக்கடையில பை மாறற மாதிரி?"

அதைத்தான் பார்க்கப் போகிறோம் என்றாள் அக்கா.

கம்பெனி ஒரு வங்கிக்கும் உடற்பயிற்சிக் கூடத்துக்கும் நடுவில் இருந்தது. உள்ளே பிளாஸ்டிக் லில்லிப் பூக்கள். அவற்றுக்கு வாசனை இல்லாத குறையைத் தீர்க்க மூலையில் ஒரு இயந்திரம் மணத்தைப் பீய்ச்சிக்கொண்டிருந்தது. வரவேற்பில் இருந்த பெண் ஆபரேஷன் நடக்கும் அறைக்கு வெளியே நிற்பவளைப்போலக் கிசுகிசுத்தாள். நிர்வாகி வந்தார். வெட்டிச் சீராக்கிய தாடி. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒருமுறை வலது கை நெஞ்சுக்குப் போய்த் திரும்பியது. அக்காவுக்கு அவரைப் பார்த்த மாத்திரத்தில் பிடிக்காமல் போனது. அது அவளுக்கு ஒரு தெம்பைக் கொடுத்தது.

கணவரைப் பறிகொடுத்தவள் என்று தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டாள். அவளுக்குக் கல்யாணமே ஆகவில்லை. இந்த வருடத்தில் அக்கா பறிகொடுக்கும் மூன்றாவது புருஷன் இது என்று வக்கீலுக்குத் தெரியும். அவர் துக்கமாகத் தலையைக் குனிந்து, தான் இறந்தவரின் தம்பி என்றார்.

வாங்குவதற்கு முன்னால் மாதிரி பார்க்க வேண்டும் என்றாள் அக்கா. நிர்வாகியின் கை நெஞ்சுக்குப் போனது. குடும்பத்தார் சம்மதித்த மூன்று பேர் காட்சிக்கு இருப்பதாகச் சொல்லி, அவர்களை ஒரு சின்ன அறைக்கு அழைத்துப்போனார். சுவரில் வரிசையாக மூன்று திரைகள். ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர். துணிக்கடை முதலாளியம்மா ஒருவர். கணக்குப் பேராசிரியர் ஒருவர்.

முதலில் எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. நீதிபதி தீர்ப்பு வாசிப்பதுபோல் நல்வரவு சொன்னார். முதலாளியம்மா என்ன கலர் வேண்டும் என்று கேட்டார். பேராசிரியர், கேள்வியைத் தெளிவாகக் கேட்டால் பதில் சொல்வேன் என்றார். அக்கா நீதிபதியின் முன்னால் போய் நின்று, எனக்கு மனசே சரியில்லை ஐயா, இப்போது உங்களுக்கு என்ன தெரிகிறது என்று கேட்டாள்.

"ரெண்டு கப்பல் வந்து நிக்குது," என்றார் நீதிபதி.

முதலாளியம்மாவிடம் நகர்ந்தாள். கீழே ஆட்கள் எறும்பு மாதிரி ஓடுவதாக முதலாளியம்மா கனிவோடு தெரிவித்தார். பேராசிரியர் கேள்வி முடிவதற்குள்ளேயே, ஒருவன் மட்டும் வேலை செய்யாமல் போனைப் பார்த்துக்கொண்டிருப்பதாக ஆரம்பித்துவிட்டார். காற்று அடங்கியதும் மூவரும் கீழே இறங்குவதாக இருந்தது.

"செத்தவங்களை எல்லாம் துறைமுகத்துலதான் எறக்கி வெக்கறாங்க போலக்கா," என்றார் வக்கீல். "நாம இத்தனை நாள் மேல போறாங்கன்னு நெனச்சிட்டிருந்தோம்."

நிர்வாகியின் கை பாதி வழியில் நின்றது. அக்கா தன் துப்பறியும் அலுவலக அட்டையை எடுத்து அந்தக் கையில் வைத்தாள். பை மாறவில்லை, ஒரே பையைத்தான் எல்லோருக்கும் கொடுத்திருக்கிறார்கள் என்று வக்கீலிடம் சொன்னாள்.

அதற்குப் பிறகு அந்த ஆள் நடிப்பை விட்டுவிட்டார். கதவைச் சாத்தினார், மேஜை விளிம்பில் உட்கார்ந்தார், சொந்தக் குரலில் பேசினார். அந்தக் குரல் அக்காவுக்குக் கொஞ்சம் பரவாயில்லையாக இருந்தது.

"மேடம், ஜனங்க எங்ககிட்ட என்ன கொண்டுவந்து குடுக்கறாங்கன்னு நினைக்கறீங்க? ஓகே. சரி. வரேன். எங்க இருக்க. பால் வாங்கு. நாலு கட்டைவிரல் படம். வாழ்நாள் பூரா ஒருத்தர் பொண்டாட்டிகிட்ட பேசினது அவ்வளவுதான். இதை வெச்சுக்கிட்டு நான் எப்படி ஒரு மனுஷனைப் பண்றது? ஆனா வீட்டுல அவங்களுக்கு ஆறுதலா பேசணும். அன்பா பேசணும். உயிரோட இருந்தப்ப பேசாததை நான் பேச வைக்கணும். அதுக்கு ஒரு அடிப்படை வேணும். நல்லாப் பேசற ஆளு ஒருத்தர் கிடைச்சாரு, அவர் பேச்சைச் சுத்தம் பண்ணி எல்லாருக்கும் அடியில போட்டுருக்கோம். இதுவரைக்கும் ஒருத்தரும் புகார் சொன்னதில்ல. அழுதுட்டு நன்றிதான் சொல்றாங்க."

அவர் சொன்னதில் பாதி உண்மை என்பதுதான் அக்காவுக்கு எரிச்சலாக இருந்தது. அந்த ஆள் யார், அவர் வீட்டில் கேட்டீர்களா என்றாள். நிர்வாகி கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். பழக்கதோஷத்தில் கை நெஞ்சுக்குப் போனது.

கப்பலையும் காற்றையும் எறும்பு ஆட்களையும் மேலிருந்து பார்க்கும் தொழில் ஊரில் ஒன்றே ஒன்றுதான். துறைமுகத்துக் கிரேன் ஓட்டுபவர்களின் ஓய்வறையில் நீளமான பெஞ்சுகள், சுவரில் தலைக்கவசங்கள், ஓரத்தில் டீ பாத்திரம். மேஸ்திரி முதலில் அவர்களைக் காப்பீட்டுக்காரர்கள் என்று நினைத்து முறைத்தார். வக்கீல் தன் போனில் பதிந்துகொண்டு வந்திருந்த பல் டாக்டரின் பேச்சைப் போட்டுக் காட்டினார். யாரோ ஒருவர் வாயை இறுக்கிக்கொண்டு பேசுவதுபோல் இருந்த அந்தக் குரல் மேஸ்திரிக்குப் பிடிபடவில்லை. ஆனால் வேலை செய்யாமல் ஒருவன் போனைப் பார்க்கும் இடம் வந்ததும் அவர் சத்தமாகச் சிரித்தார். சிரித்துக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்திவிட்டு, தலைக்கவசத்தைக் கழற்றினார்.

"போன் பாத்துட்டிருந்தவன் நான்தான்," என்றார். "இது ரேடியோ பேச்சு. குரல் யாருதோ, பேச்சு அவனுது."

மேஸ்திரி சொன்ன ரேடியோ, கிரேன் உச்சியில் கண்ணாடிக் கூண்டுக்குள் நாள் முழுக்கத் தனியாக உட்கார்ந்திருந்த ஆள். பேசாமல் இருக்கத் தெரியாது, அதனால் ரேடியோ என்று பெயர். மனைவிக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. அங்கே வேலை நேரத்தில் போனைப் பூட்டி வைத்துவிட வேண்டும். ஆகவே ரேடியோ கூண்டுக்குள் இருந்தபடி பேசிப் பேசி அனுப்பிக்கொண்டிருப்பார், மனைவி சாப்பாட்டு வேளையில் எடுத்துக் கேட்பாள். போன மழைக்காலத்தில் காய்ச்சலோடு மேலே ஏறினார். இறங்கியதும் ஆஸ்பத்திரிக்குப் போனார். வீட்டுக்குத் திரும்பவில்லை.

சலவைக்கூடம் முழுக்க ஆவி. ரேடியோவின் மனைவி ஈரம் உலர்ந்த படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தாள். விரிப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டிருந்த பெண் வேறு வேலைக்குப் போய்விட, வக்கீல் அதைப் பிடிக்க வேண்டியதாயிற்று. அவர் மடிப்பது கோணலாக வந்ததைப் பார்த்து அந்த அம்மா, உங்களுக்குப் பேச மட்டும்தான் வருமா என்று கேட்டாள். அக்காவுக்கு அவளைப் பிடித்துப்போனது.

நடந்ததை வேலையை நிறுத்தாமலேயே சொன்னாள். அவள் போன் ஒருநாள் சோப்புத் தண்ணீரில் விழுந்து செத்தது. அதில் இருந்த பேச்செல்லாம் அதோடு போனது. அவர் போனில் மட்டும்தான் மிச்சம் இருந்தது. அவர் போன பிறகு, தொழிலாளர் குடும்பங்களுக்கு இலவசமாகச் செய்து தருகிறோம் என்று ஒரு கம்பெனி சொன்னதை நம்பி அந்தப் போனைக் கொடுத்தாள். சில நாள் கழித்துத் திருப்பிக் கொடுத்தார்கள். உள்ளே இருந்ததெல்லாம் பழுதாகிவிட்டது, எதையும் எடுக்க முடியவில்லை, மன்னிக்கணும் என்றார்கள். போனைத் திறந்து பார்த்தாள். சுத்தமாகத் துடைத்து வைத்திருந்தார்கள்.

"நெஞ்சுல கை வெச்சுச் சொன்னான்," என்றாள். "நானும் பாவம்னு விட்டுட்டேன்."

வக்கீல் தன் போனை எடுக்கப் போனார். அக்கா வேண்டாம் என்று தலையசைத்தாள். வேலை முடிந்ததும் எங்களோடு ஒரு வீட்டுக்கு வர முடியுமா என்று மட்டும் கேட்டாள்.

சாயங்காலம் தலைமையாசிரியையின் வீட்டு வாசலில் கார் நின்றது. ரேடியோவின் மனைவியை வக்கீலோடு காரிலேயே இருக்கச் சொல்லிவிட்டு அக்கா முதலில் உள்ளே போனாள். இந்த வேலையில் அவளுக்குப் பிடித்த கட்டம் இது ஒன்றுதான். சந்தேகத்தோடு வந்த பெண்ணிடம், உங்கள் புருஷன் தப்பு செய்யவில்லை என்று சொல்வது. அப்படிச் சொல்லும் சந்தர்ப்பம் அடிக்கடி வாய்ப்பதில்லை. கப்பல், நீதிபதி, கூண்டு, சலவைக்கூடம் எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லி, டாக்டருக்கு எந்தப் பெண்ணோடும் எந்தத் தொடர்பும் கிடையாது என்று முடித்தாள்.

தலைமையாசிரியையின் முகம் மலரவில்லை. விழுந்தது.

"யாருமே இல்லையா?"

"யாரும் இல்ல டீச்சரம்மா."

"நல்லாத் தேடிப் பாத்தீங்களா?"

அக்காவுக்கு ஒரு நிமிடம் ஒன்றும் புரியவில்லை. அதற்குள் தலைமையாசிரியை எழுந்து வாசலுக்குப் போய், காரில் இருப்பவரை உள்ளே கூப்பிடுங்கள், வாசலில் உட்கார வைப்பது என்ன மரியாதை என்று வக்கீலைக் கடிந்துகொண்டார்.

ரேடியோவின் மனைவி சோபாவின் பிளாஸ்டிக் உறைமேல் நுனியில் உட்கார்ந்தாள். தலைமையாசிரியை திரையின் முன்னால் நின்று, எனக்கு மனசு சரியில்லை என்றார். பல் டாக்டர் கடலைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். பேச்சு முடியும்வரை அசையவில்லை. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு முதலில் கேட்ட கேள்வி, குரல் யாருடையது, வாயில் பஞ்சு வைத்துக்கொண்டு பேசுவதுபோல் இருக்கிறதே என்பதுதான்.

"அது எங்க வீட்டுக்காரரு," என்றார் தலைமையாசிரியை.

"தப்பா நெனச்சுக்காதீங்க. நடுநடுவுல என்னைத் திட்டுவாரு, அதெல்லாம் எங்க? 'கழுதை, போனை எடுக்கவே மாட்டியா'ன்னு ஆரம்பிச்சாத்தான் அவரு. திட்டை எடுத்துட்டா வேற யாரோ மாதிரி இருக்கு. சினிமாக்காரன் மாதிரி."

தலைமையாசிரியை திரையை விட்டு விலகினார். போனை எடுத்துக் கம்பெனி நிர்வாகியைக் கூப்பிட்டார். மறுமுனையில் என்ன சொன்னார்கள் என்பது கேட்கவில்லை. ஆனால் இவர் பேசியது அக்காவின் மனதில் அப்படியே நின்றுவிட்டது. தன் பள்ளிக்கூடத்துப் பெற்றோர்களில் எத்தனையோ பேர் வீட்டில் இந்தத் திரை இருக்கிறது என்றும், திங்கட்கிழமை அவர்களைக் கூட்டி வைத்து, செத்துப்போன உங்கள் அப்பாவிடமும் அம்மாவிடமும் இப்போது என்ன தெரிகிறது என்று கேளுங்கள் என்று வீட்டுப்பாடம் கொடுக்கப்போவதாகவும் சொன்னார். அந்தப் போனிலிருந்து எடுத்தது அத்தனையும் இன்றைக்கே இந்த வீட்டுக்கு வர வேண்டும், ஆள் மூலம் அனுப்பக் கூடாது, நீயே வரணும் என்றார். நீங்கள் என்று ஆரம்பித்த பேச்சு நீயில் முடிந்திருந்தது.

இருட்டுவதற்கு முன்னால் நிர்வாகி வந்துவிட்டார். கையில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு பதிவுக் கருவி. உட்காரச் சொல்வார்கள் என்று பார்த்தார், யாரும் சொல்லவில்லை. பேசிக்கொள்ளலாம், எல்லோருக்கும் சம்மதமான ஒரு ஏற்பாட்டுக்கு வரலாம் என்று ஆரம்பித்தார். கை நெஞ்சை நோக்கிக் கிளம்பியது.

"கையைக் கீழ எறக்கு," என்றாள் ரேடியோவின் மனைவி.

இறக்கினார்.

நாளைக்கு இந்த அம்மாவின் கையெழுத்தோடு போலீசில் புகார் போகிறது, மற்ற வீடுகளுக்கும் விஷயத்தை நீங்களே சொல்லிவிடுவது நல்லது, இல்லாவிட்டால் நாங்கள் சொல்வது இவ்வளவு நயமாக இருக்காது என்று அக்கா விளக்கினாள். வக்கீல் அவரைக் கார் வரைக்கும் கொண்டுபோய் விட்டார். ஜாமீன் எடுக்கத் தனக்கு நல்ல வக்கீல்களைத் தெரியும் என்றும், தான் அவர்களில் ஒருவன் அல்ல என்றும் வழியனுப்பும்போது சொன்னாராம்.

கருவியைப் போட்டதும் முதலில் வந்தது காற்றின் சத்தம். அப்புறம் கரகரத்த ஒரு குரல். கழுதை என்றுதான் ஆரம்பித்தது. நேற்றைய குழம்பில் உப்பே இல்லை என்று கொஞ்சம் திட்டிவிட்டு, கூண்டுக் கண்ணாடியில் ஒரு புறா வந்து உட்கார்ந்திருப்பதைப் பற்றி நீளமாகச் சொன்னது. அது உன்னைப் போலவே முறைக்கிறது என்றது. கடல் பேச்சு அதற்குப் பிறகுதான் வந்தது.

"இருந்தப்ப வேகமா ஓடவிட்டுத்தான் கேப்பேன்," என்றாள் ரேடியோவின் மனைவி யாரையும் பார்க்காமல். "பாதிகூடக் கேட்டிருக்க மாட்டேன். சாப்பாட்டு நேரம் கொஞ்சம்தான். இந்தாளு விடமாட்டாரு, பேசிட்டே இருப்பாரு. தொல்லையா இருக்கும்."

தலைமையாசிரியை எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, அடுத்தவளுக்கு அனுப்பப்பட்ட அந்தப் பேச்சை மடியில் கைகளைக் கோத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். இரண்டாவது பேச்சு முடிந்ததும், மற்றதையெல்லாம் வீட்டில் போய்த் தனியாகக் கேளுங்கள், அது உங்களுடையது என்று எழுந்துவிட்டார். அந்த அம்மா கருவியை ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பினாள். வக்கீல் அவளை வீட்டில் விட்டுவரப் போனார்.

கூடத்தில் அக்காவும் தலைமையாசிரியையும் மட்டும் இருந்தார்கள். திரையில் டாக்டர் சிரித்துக்கொண்டிருந்தார். தலைமையாசிரியை குனிந்து மின்கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கினார்.

"மகனுக்கும் சொல்லியிருக்கேன், உங்ககிட்ட ரிப்போர்ட் கேப்பான்," என்றார் குனிந்தபடியே. "ஒருத்தி இருந்தான்னு எழுதிக் குடுங்களேன்."

இந்தத் தொழிலுக்கு வந்த நாளாக எவ்வளவோ பொய்களை எழுதச் சொல்லி அக்காவைக் கெஞ்சியிருக்கிறார்கள். பொய் எழுதச் சொன்னவர்களை அவள் ஒரு நாளும் மதித்ததில்லை. இப்போதும் அந்த அலட்சியம் வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை.

"இல்லாததை எழுத மாட்டேன் டீச்சரம்மா."

"தெரியும். சும்மா கேட்டேன்." அவர் கம்பியைச் சுருட்டிக்கொண்டே பேசினார். "அந்தப் பேச்சைக் கேட்டப்ப எனக்குக் கோவம் வந்துச்சு, வாஸ்தவம்தான். ஆனா ஒரு பக்கம், பரவால்லையே, இந்தாளுக்குள்ள இவ்வளவு இருந்திருக்கேன்னு தோணுச்சு. எனக்குக் கிடைக்கல, சரி. யாருக்கோ கிடைச்சிருக்குன்னு நெனச்சேன். அவளைப் பாத்து நாலு வார்த்தை கேக்கணும்னுதான் உங்களைக் கூப்பிட்டேன். எப்படிம்மா பேச வெச்சேன்னு கேட்டிருப்பேன்."

அக்கா பையைத் தோளில் மாட்டினாள். இந்த இடத்தில் சொல்வதற்கு ஆறுதலாக ஏதாவது இருக்க வேண்டும். கம்பெனிக்காரனிடம் இருந்திருக்கும். அவளிடம் இருந்தது விசாரணையில் தெரிந்தது மட்டும்தான்.

"டாக்டர் உத்தமர்னுதான் எழுத முடியும்," என்றாள்.

"உத்தமர்," என்றார் தலைமையாசிரியை, பல்லில் சிக்கிய நாரைத் துப்புவதுபோல. சுருட்டிய கம்பியைத் திரையின் மேல் வைத்துவிட்டு, கூடத்து விளக்கைப் போட்டார்.

விளக்கு எரியவில்லை, பல்பு போயிருந்தது. ஸ்டூலை எடுத்துவரத் தானே உள்ளே போனார்.